கறிக்கோழியின் குடலும் ப்ரீபயாட்டிக்கும்: புதிதாகப் பண்ணை தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

கோழித் தீவனத்தில் கலக்கும் பொடிகளில் ப்ரீபயாட்டிக் அளவுக்கு வாக்குறுதிகளைச் சுமப்பவை குறைவு. எடை கூடும், கழிச்சல் நிற்கும், ஆன்டிபயாட்டிக் தேவைப்படாது என்று பையின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. எந்தப் பண்ணையில், எந்த நிலைமையில் அது பலிக்கும் என்பதைத்தான் பை சொல்வதில்லை. என் கருத்து இதுதான்: புரூடர் (குஞ்சுகளுக்குச் சூடு தரும் அமைப்பு) சூடு, தண்ணீர், தரையில் பரப்பும் கூளம் ஆகிய மூன்றும் சரியாக இருக்கும் கொட்டகையில் ப்ரீபயாட்டிக் கொஞ்சம் லாபம் தரும்; அவை சரியில்லாத கொட்டகையில் அது வெறும் செலவு. அதனால் இந்த வழிகாட்டியில் பொடியைப் பற்றிய பேச்சு கொஞ்சம் தாமதமாகவே வரும்.

குடலில் என்ன நடக்கிறது

ப்ரீபயாட்டிக் கோழிக்கான உணவு இல்லை. கோழியின் சொந்தச் செரிமான நொதிகளால் உடைக்க முடியாத ஒருவகைச் சர்க்கரைத் தொடர்கள் அவை. சிறுகுடலை அப்படியே கடந்துபோய், குடலின் பின்பகுதியில் வாழும் பாக்டீரியாக்களுக்கு உணவாகின்றன. புரோபயாட்டிக் என்பது உயிருள்ள பாக்டீரியா. ப்ரீபயாட்டிக் அந்தப் பாக்டீரியாவுக்கான தீனி. இரண்டையும் கலந்து விற்றால் சின்பயாட்டிக். கடையில் இந்த மூன்றையும் ஒரே பெயரில் சொல்லிக் குழப்புவார்கள். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

கோழியின் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில், ஒரு முனை மூடிய இரண்டு குழாய்கள் இருக்கும். சீக்கம் என்பது இதுதான். தீவனம் கோழியின் குடலைச் சில மணி நேரத்திலேயே கடந்துவிடுகிறது. பாக்டீரியா நிதானமாக அமர்ந்து நொதிக்க வைக்கும் முக்கிய இடம் சீக்கம்தான். ப்ரீபயாட்டிக் அங்கே நொதிக்கும்போது அசிடேட், புரோப்பியனேட், பியூட்டிரேட் ஆகிய கொழுப்பு அமிலங்கள் உருவாகின்றன. இவை குடலின் அமிலத்தன்மையைக் கூட்டுகின்றன. அமிலச் சூழல் சால்மொனெல்லா போன்ற கிருமிகளுக்கு ஒத்துவராது. பியூட்டிரேட் குடல்சுவர்ச் செல்களுக்கே எரிபொருளாகிறது. குடல்சுவரில் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் நீண்டு நலமாக இருந்தால் அதே தீவனத்திலிருந்து கூடுதல் சத்து உடலில் சேரும்.

பிராய்லர் குஞ்சுக்குத் தாய்க்கோழி கிடையாது. இன்குபேட்டரில் பொரிந்து, பெட்டியில் ஏறி, நேரே கொட்டகைக்கு வருகிறது. தாயின் எச்சத்தைக் கொத்தி நல்ல பாக்டீரியாவைப் பெறும் வாய்ப்பு அதற்கு இல்லை. பொரிப்பகம், பெட்டி, கூளம் ஆகியவற்றில் முதலில் எது இருக்கிறதோ அதுவே குடலில் குடியேறும். நன்கு வளர்ந்த கோழியின் குடல் பாக்டீரியாக்களைப் புதுக் குஞ்சுக்குக் கொடுத்தால் சால்மொனெல்லா தொற்றிலிருந்து அது தப்புகிறது என்று பின்லாந்தின் நூர்மி, ரன்டாலா இருவரும் 1973-இல் காட்டினார்கள். இன்றைய குடல்நலப் பேச்சு பலவற்றுக்கும் வேர் அதுதான். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முழுவதும் தடை செய்த பிறகு, மாற்று தேடியவர்கள் ப்ரீபயாட்டிக் பக்கம் பெருமளவில் திரும்பினார்கள்.

சிறுகுடலின் பாக்டீரியாக் கூட்டம் நிலைபெற ஏறத்தாழ இரண்டு வாரமும் சீக்கத்தின் கூட்டம் நிலைபெற ஏறத்தாழ நான்கு வாரமும் ஆகும். கறிக்கோழியின் வாழ்நாளே ஐந்து, ஆறு வாரம்தான். ஆகவே ப்ரீபயாட்டிக் கொடுப்பதானால் முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். நான்காம் வாரத்தில் எச்சம் தண்ணீராகப் போகிறதே என்று அவசரமாக வாங்கி ஊற்றுபவர்கள் பெரும்பாலும் பயன் காண்பதில்லை.

படி 1: குஞ்சு வருவதற்கு முன்

குஞ்சு இறங்குவதற்கு 24 மணி நேரம் முன்பே கொட்டகையைச் சூடாக்கிவிடுங்கள். குஞ்சின் உயரத்தில் காற்று 32 முதல் 34 டிகிரி செல்சியஸ், கூளத்தின் மேற்பரப்பு 28 முதல் 30 டிகிரி இருக்க வேண்டும். காற்று சூடாகவும் தரை குளிர்ந்தும் இருப்பதுதான் புதியவர்கள் கவனிக்கத் தவறும் இடம். சுவரில் மாட்டிய வெப்பமானி சரியாகவே காட்டிக்கொண்டிருக்கும். குஞ்சோ கால் குளிர்ந்து, தீவனத்தை விட்டுவிட்டு ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். கால் குளிர்ந்த குஞ்சு தின்னாது. தின்னாத குஞ்சின் குடல் வளராது. குடல் வளராத குஞ்சுக்கு எந்தப் பொடியைக் கொடுத்து என்ன பயன்?

சரிபார்க்க எளிய வழி தீனிப்பையைத் தொட்டுப் பார்ப்பது. குஞ்சு இறங்கி 24 மணி நேரம் கழித்து, கொட்டகையின் பல இடங்களிலிருந்தும் மொத்தம் நூறு குஞ்சுகளை எடுத்துக் கழுத்தடியில் மெல்லத் தடவிப் பாருங்கள். 95 குஞ்சுகளுக்காவது தீனிப்பை நிறைந்து, கஞ்சி போல மென்மையாக இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் தீவனம் உள்ளே போயிருக்கிறது, தண்ணீர் போகவில்லை. நீர்த்துப் பலூன் போல இருந்தால் தண்ணீர் மட்டும் குடித்திருக்கிறது. காலியாக இருந்தால் அன்று செய்ய வேண்டிய வேலை தீவனத்தட்டுகளின் எண்ணிக்கையையும் வெளிச்சத்தையும் சூட்டையும் திருத்துவதே.

ஏழாம் நாள் எடை இன்னொரு சோதனை. வந்திறங்கிய எடையைப் போல் குறைந்தது நான்கு மடங்கு, நல்ல பேட்ச் என்றால் நான்கரை மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். 42 கிராம் குஞ்சு ஏழாம் நாளில் 170 கிராமுக்கும் கீழே நின்றால் குறை பெரும்பாலும் புரூடரில்தான் இருக்கும்.

படி 2: தண்ணீர்

கோழி தின்னும் தீவனத்தைப் போல 1.6 முதல் 2 மடங்கு தண்ணீர் குடிக்கிறது. வெயில் காலத்தில் இன்னும் அதிகம். ஆகவே குடலுக்குள் அதிகம் போவது தண்ணீர்தான். ஆனாலும் புதியவர்கள் தீவனத்தைப் பத்து முறை பார்ப்பார்கள், கோழி கொத்தினால் தண்ணீர் விடும் நிப்பிள்கள் பொருத்திய குழாயின் உட்புறத்தை ஒருமுறைகூடப் பார்க்க மாட்டார்கள். ஒரு பேட்ச் முடிந்ததும் குழாயின் கடைசி முனையைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். வழவழவென்று ஒரு படலம் ஒட்டினால் அது பாக்டீரியாக்களின் குடியிருப்பு. கொட்டகை காலியாக இருக்கும் நாட்களில் அதற்கென உள்ள மருந்தைக் குழாயில் நிரப்பி, ஊறவிட்டு, அழுத்தமான நீரால் அலசி வெளியேற்ற வேண்டும். கோழி இருக்கும் காலத்தில் கடைசி நிப்பிளில் குளோரின் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3 பங்கு) அளவுக்கு இருந்தால் போதும். தொட்டியில் சோதித்துவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம். தொட்டியில் இருக்கும் குளோரின் கடைசி நிப்பிள்வரை போய்ச் சேருவதில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ப்ரீபயாட்டிக்குகளும் சந்தையில் கிடைக்கின்றன. அவை சர்க்கரைத் தொடர்கள்; கோழிக்குடலின் பாக்டீரியாவுக்கு எப்படித் தீனியோ, அப்படியே குழாய்ப் படலத்தில் வாழும் பாக்டீரியாவுக்கும் தீனி. அழுக்குக் குழாயில் அதை விட்டால் முதலில் கொழுப்பது படலம்தான். தண்ணீரில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், சில மணி நேரத்தில் குடித்து முடிக்கும் அளவு மட்டும் கலந்து, முடிந்த உடனே குழாயை அலசிவிடுங்கள். தீவனத்தில் கலக்க முடிகிற எவருக்கும் தீவனத்தையே பரிந்துரைப்பேன்.

படி 3: கூளம்

கைப்பிடி கூளத்தை எடுத்து அழுத்திப் பிடித்து விடுங்கள். லேசாக ஒட்டி, விட்டதும் உதிர்ந்தால் நல்லது. ஒட்டவே இல்லை என்றால் மிகவும் உலர்ந்திருக்கிறது. உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். 20 முதல் 25 சதவீத ஈரம் சரியானது. 30-ஐத் தாண்டினால் இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் முதிர்வதற்கு ஏற்ற சூழல் அமைந்துவிடும். ஐமீரியா குடல்சுவரைக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் கசியும் புரதத்தில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா பெருகிக் குடல் அழுகல் நோயை உண்டாக்கும். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி நிப்பிளுக்குக் கீழே சொட்டும் தண்ணீர். நிப்பிளின் உயரத்தைக் கோழி வளர வளர ஏற்றிக்கொண்டே வாருங்கள். கழுத்தை நீட்டிக் குடிக்க வேண்டும், குனிந்து குடிக்கக் கூடாது.

படி 4: எந்த ப்ரீபயாட்டிக்?

இங்கேதான் பணத்தை வீணாக்கும் வாய்ப்பு அதிகம், ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

கோழிப்பண்ணைகளில் அதிகம் பயன்படுவது மன்னான் ஒலிகோசாக்கரைடு, சுருக்கமாக எம்.ஓ.எஸ். ரொட்டிக்கும் பயன்படும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே ஈஸ்டின் செல்சுவரிலிருந்து எடுக்கப்படுகிறது. இது வேலை செய்யும் விதம் மற்றவற்றிலிருந்து வேறு. ஈ.கோலி, சால்மொனெல்லா ஆகியவற்றில் பல வகைகள் உடலில் நுண்ணிய இழைகளைக் கொண்டிருக்கும். அந்த இழைகள் குடல்சுவரில் உள்ள மன்னோஸ் சர்க்கரையைப் பற்றிக்கொண்டு ஒட்டும். எம்.ஓ.எஸ். அதே மன்னோஸை முன்னால் நீட்டுகிறது. கிருமி சுவரைப் பிடிப்பதற்குப் பதில் இதைப் பிடித்துக்கொண்டு எச்சத்தோடு வெளியேறுகிறது. இந்த இழை இல்லாத கிருமிகளிடம் இந்த வேலை நடக்காது. கிளாஸ்ட்ரிடியத்தை இப்படிப் பிடித்து வெளியேற்ற முடியும் என்று யாராவது சொன்னால் ஒருமுறை யோசியுங்கள்.

அடுத்தது ஃபிரக்டோ ஒலிகோசாக்கரைடும் (எஃப்.ஓ.எஸ்.) அதன் நீண்ட வடிவமான இனுலினும். இனுலின் பெரும்பாலும் சிக்கரி வேரிலிருந்து வருகிறது. இவை நேரடியாக லாக்டோபாசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் போன்ற நல்ல பாக்டீரியாக்களின் தீனி. தொடர் குட்டையாக இருந்தால் வேகமாக நொதிக்கும், நீளமாக இருந்தால் மெதுவாக. அளவு மீறினால் வாயு சேர்ந்து எச்சம் நீர்த்துப்போகும். கூளத்தை உலர வைக்க வாங்கிய பொருளே கூளத்தை நனைக்கும் வேடிக்கை அப்போது நடக்கும்.

சைலோ ஒலிகோசாக்கரைடு (எக்ஸ்.ஓ.எஸ்.) மிகச் சிறிய அளவில் பயன்படுவது. கோதுமை, பார்லி கலந்த தீவனம் கொடுப்பவர்களுக்கு இதில் ஒரு தனிச் செய்தி இருக்கிறது. அந்தத் தானியங்களின் நார்ச்சத்து குடலில் பசைபோலக் குழம்பும். அதை உடைக்கத் தீவனத்தில் சைலனேஸ் நொதி சேர்ப்பார்கள். அந்த நொதி நாரை உடைக்கும்போது எக்ஸ்.ஓ.எஸ். குடலுக்குள்ளேயே உருவாகிறது. உங்கள் தீவனத்தில் சைலனேஸ் ஏற்கெனவே இருந்தால் ஓரளவு ப்ரீபயாட்டிக் இலவசமாகவே கிடைத்துக்கொண்டிருக்கிறது.

பீட்டா குளுகான் என்ற பெயரில் ஒரு பொறி உண்டு. ஈஸ்டின் பீட்டா குளுகான் நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டும் தன்மை கொண்டது, பெரும்பாலும் எம்.ஓ.எஸ். பொடியிலேயே சேர்ந்து வரும். பார்லியிலும் ஓட்ஸிலும் உள்ள பீட்டா குளுகான் பெயரில் மட்டுமே உறவு. அதன் பிணைப்பு வேறு, குடலில் அது பசையாகித் தொல்லை கொடுக்கும்.

இப்போது பையைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். 'ஈஸ்ட் தயாரிப்பு' என்று மட்டும் எழுதியிருந்தால் எதுவும் தெரியாது. முழு ஈஸ்டைக் காயவைத்து அரைத்த பொடி, ஈஸ்டை வளர்த்த ஊடகத்தோடு சேர்த்துக் காயவைத்தது, பிரித்தெடுத்த செல்சுவர் ஆகிய மூன்றும் வெவ்வேறு பொருள்கள். விலையும் வேறு, பயனும் வேறு. மன்னான் எத்தனை சதவீதம், குளுகான் எத்தனை சதவீதம், மீதி என்ன என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். தயாரிப்பு எண்ணும் காலாவதித் தேதியும் இல்லாத பையைத் தொடவே வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரே வரியில் கேட்டால்: தொடங்குபவர் தெளிவான சதவீதம் எழுதிய எம்.ஓ.எஸ். செல்சுவரில் தொடங்கலாம். அளவு தவறினாலும் தீங்கு குறைவு. தீவனத்தை அழுத்திச் சிறு துண்டுகளாக்கும் பெல்லட் ஆலையின் சூட்டையும் தாங்கும்.

படி 5: அளவும் கலவையும்

எம்.ஓ.எஸ். வழக்கமாக ஒரு டன் தீவனத்துக்கு அரை கிலோவிலிருந்து 2 கிலோ வரை. குஞ்சுப் பருவத்துக்கான பிரீ ஸ்டார்டர், ஸ்டார்டர் தீவனங்களில் மேல் அளவு, கடைசிக் கட்டத்துக்கான பினிஷரில் கீழ் அளவு என்பது பரவலான முறை. எஃப்.ஓ.எஸ். டன்னுக்கு 2 முதல் 5 கிலோ வரை போகும். பொடியின் தூய்மையைப் பொறுத்து இது மாறுவதால் லேபிளில் உள்ள அளவே முடிவானது. லேபிளுக்கும் இங்கே சொன்ன அளவுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் காரணம் கேளுங்கள்.

ஒரு கிலோ பொடியை ஒரு டன் தீவனத்தின் மேல் தூவிவிட்டு மிக்சரை ஓட்டினால் ஒரு மூட்டையில் நிறைய, அடுத்த மூட்டையில் ஒன்றும் இல்லை என்று ஆகும். முதலில் ஒரு கிலோவை 5 கிலோ தீவனத்தில் கையால் கலக்குங்கள். அதை 25 கிலோவில் கலந்து, பிறகு மிக்சரில் போடுங்கள். பெல்லட்டாக வாங்குபவர்கள் வெளியிலிருந்து பொடியைத் தூவுவதில் பயனில்லை. பொடி தட்டின் அடியில் தங்கிவிடும், கோழி பெல்லட்டை மட்டும் பொறுக்கித் தின்னும். ஆலையிலேயே கலக்கச் சொல்ல வேண்டும். அப்போதும் ஆலைக்காரரிடம் ஏற்கெனவே என்னென்ன கலந்திருக்கிறது என்று கேளுங்கள். பல ஆலைகள் எம்.ஓ.எஸ். சேர்த்தே விற்கின்றன, பூஞ்சை நச்சுப் பிணைப்பான் என்ற பெயரில் வருவதிலும் பல நேரம் ஈஸ்ட் செல்சுவர்தான் இருக்கும். ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் கொடுக்க வேண்டியதில்லை.

திறந்த பையின் வாயை இறுகக் கட்டி உலர்ந்த இடத்தில், தரைமேல் படாமல் வையுங்கள். சர்க்கரைப் பொருள் என்பதால் ஈரத்தை இழுத்துக் கட்டியாகும். கட்டியானது சீராகக் கலக்காது.

படி 6: மற்றவற்றோடு சேர்த்தல்

இரத்தக் கழிச்சலுக்காகத் தீவனத்தில் இருக்கும் சாலினோமைசின், மோனென்சின் போன்றவற்றை, ப்ரீபயாட்டிக் வந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள். அந்த வேலையை ப்ரீபயாட்டிக் செய்யாது. எச்சத்தில் இரத்தம் தெரிந்தாலோ, ஒரே நாளில் இறப்பு ஏறினாலோ, கால்நடை மருத்துவரிடம் இறந்த கோழியைக் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் ஆன்டிபயாட்டிக் எழுதினால் முழுக் காலமும் கொடுத்து, இறைச்சிக்கு அனுப்பும் முன் விடவேண்டிய இடைவெளி நாட்களையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆன்டிபயாட்டிக் முடிந்ததும் குடல் ஏறத்தாழக் காலியான நிலம். விதை இல்லாத நிலத்தில் எரு போட்டால் எந்தச் செடி முளைக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் அந்த நேரத்தில் ப்ரீபயாட்டிக்கை மட்டும் கொடுக்காமல் ஒரு புரோபயாட்டிக்கோடு சேர்த்துக் கொடுப்பதே நல்லது. புரோபயாட்டிக் உயிருள்ளது என்பதால் தண்ணீரில் விடும்போது குளோரினை அந்த நேரம் நிறுத்த வேண்டும். பெல்லட்டில் கலக்க பாசில்லஸ் வகை வித்துகள்தான் தாக்குப்பிடிக்கும். லாக்டோபாசில்லஸ் ஆலையின் சூட்டிலேயே செத்துவிடும். ப்ரீபயாட்டிக்குக்குக் குளோரின் பயம் இல்லை.

படி 7: எச்சத்தைப் படிக்கப் பழகுங்கள்

தினமும் காலையில் கொட்டகைக்குள் போனதும் முதலில் தரையைப் பாருங்கள். நல்ல எச்சம் உருண்டு திரண்டு, மேலே வெள்ளைத் தொப்பி போட்டிருக்கும். நடுநடுவே சாக்லேட் நிறத்தில் ஒட்டும் பசைபோல ஒன்று கிடக்கும். புதியவர்கள் அதைக் கழிச்சல் என்று நினைத்துப் பயப்படுவார்கள். அது சீக்கத்திலிருந்து வரும் இயல்பான எச்சம். அது நுரைத்து, வெளுத்து, வாயுக் குமிழிகளோடு இருந்தால்தான் கவனிக்க வேண்டும். சாதாரண எச்சத்தில் தானியத் துணுக்குகள் அப்படியே தெரிந்தால் செரிமானம் சரியில்லை. ஆரஞ்சு நிறச் சளி தெரிந்தால் குடல்சுவர் உரிகிறது, இரத்தக் கழிச்சலின் தொடக்கமாக இருக்கலாம். பார்த்ததைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். தண்ணீர் மீட்டரின் அளவையும் அதே பக்கத்தில் எழுதினால், தண்ணீர் குடிக்கும் அளவு திடீரென மாறும் நாளில் நோய் வெளியே தெரியும் முன்பே உஷாராகிவிடலாம்.

படி 8: பயன் இருக்கிறதா என்று சோதித்தல்

போன பேட்சில் பொடி இல்லை, இந்தப் பேட்சில் பொடி உண்டு, எடை கூடியிருக்கிறது, ஆகவே பொடி நல்லது என்பது கணக்கே இல்லை. குஞ்சின் தாய்க்கூட்டம், தீவனத்தின் தானியம், வெயில் எல்லாம் இடையில் மாறியிருக்கும். ஒரே நாளில் வந்த குஞ்சுகளை ஒரே கொட்டகையில் வலைகட்டிப் பிரித்து, ஒரு பக்கம் பொடி கலந்த தீவனமும் மறுபக்கம் கலக்காத தீவனமும் கொடுங்கள். இடம் இருந்தால் நான்கு அறைகளாகப் பிரித்து, பொடி உள்ளது, இல்லாதது என்று மாற்றி மாற்றி வையுங்கள். விசிறிப் பக்கம் இருந்ததால்தான் நன்றாக வளர்ந்தது என்ற சந்தேகம் போகும். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கோழி என்பதும் சேவல், பெட்டை விகிதமும் எல்லா அறைகளிலும் ஒன்றாக இருக்கட்டும். சேவல் கூடுதலாக விழுந்த அறை எப்படியும் எடையில் ஜெயிக்கும்.

ஒரே வயதுக் கோழிகளின் எடையிலேயே பத்து சதவீத ஏற்றத்தாழ்வு சகஜம். ஆகவே பக்கத்துக்கு நூறு கோழிகளை எடை போட்டாலும், 2.2 கிலோ சராசரியில் 60 கிராமுக்குக் குறைவான வித்தியாசம் தற்செயலாகவே வந்திருக்கலாம். பத்துப் பதினைந்து கோழிகளைத் தூக்கிப் பார்த்துச் சொல்லும் முடிவுக்கு மதிப்பே இல்லை. பிடிக்கும் நாளில் அறைவாரியாக மொத்த எடையும், தின்ற மொத்தத் தீவனமும், இறப்பும் குறித்துக்கொண்டால் தீவன மாற்றுத் திறன், அதாவது ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் என்பது, சரியாகக் கிடைக்கும்.

பிறகு பணக் கணக்கு. ஆயிரம் கோழிகள், ஒவ்வொன்றும் 2.2 கிலோ எடை கூடுகிறது, ஒரு கிலோ எடைக்கு 1.6 கிலோ தீவனம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் தீவனம் 3,520 கிலோ. டன்னுக்கு ஒரு கிலோ பொடி என்றால் பொடி மூன்றரை கிலோ செலவாகும். பொடியால் 1.6 என்பது 1.57 ஆகக் குறைந்தால் 66 கிலோ தீவனம் மிச்சம். மூன்றரை கிலோ பொடியின் விலை 66 கிலோ தீவனத்தின் விலையைவிடக் குறைவாக இருந்தால் லாபம். உங்கள் எண்களைப் போட்டு, பொடி வாங்கும் முன்பே இந்தக் கணக்கைச் செய்து பாருங்கள். அந்த 1.6 எவ்வளவு குறைந்தால் போட்ட பணம் திரும்பும் என்பது தெரிந்துவிடும்.

இரண்டு பேட்ச்களில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடலாம். புதுக் கூளம், நெருக்கமில்லாத இடம், சுத்தமான தண்ணீர் உள்ள கொட்டகையில் பொடி திருத்துவதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமிருக்காது. அடுத்த முறை பழைய கூளத்தின் மேலேயே குஞ்சு விட நேர்ந்தாலோ, கடும் வெயிலில் ஒரு பேட்ச் வந்தாலோ, வலையைக் கட்டி மறுபடியும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.